வகுப்பில் கேட்ட வளையல்

போன வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் தமிழ் எடுக்கும் பெண் வளைகாப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். இரண்டு கையிலும் பாதி முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கரும்பலகையில் அவள் எழுதும்போது மெல்லவும், அழிக்கும்போது கலகலவென்றும் இடைச்சுவரைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் பாதிக் கணக்கில் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

இரண்டாம் முறை எனக்குப் போட்ட வளையலின் சத்தத்தைக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வகுப்பும் கேட்டதில்லை. நாற்பது வீடுகளில், நாற்பது கைபேசிகளில் கேட்டார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான் நடந்தது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை என் கையில் யாரும் விட்டதில்லை. முன் பெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வருவார்கள். சாக்பீஸ் கீழே விழுந்தால் நான் குனிவதற்குள் ஒருத்தி எடுத்து நீட்டிவிடுவாள். ஆயாம்மா எங்கிருந்தோ கை வைத்த நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து என் வகுப்பில் போட்டார். மதியத்தில் யார் வீட்டு மாங்காயாவது உப்பு மிளகாய்த்தூளோடு மேசைமேல் இருக்கும். ஏழாம் மாதத்தில் சக ஆசிரியைகள் சேர்ந்து எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சாதம் கட்டி வந்து ஸ்டாஃப் ரூமிலேயே எனக்கு வளையல் போட்டார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கவனிப்புகூட இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அவர் ஆசிரியை. நான் பிறந்த காலத்தில் அரசு ஆசிரியைகளுக்கே பேறுகால விடுப்பு 90 நாள்தான். அந்த மூன்று மாதத்தையும் பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலி எடுக்கிற வாரம் வரைக்கும் வாய்க்கால் கரையில் நடந்தே பள்ளிக்குப் போனாராம். அந்த 90 நாள் 2011-ல் ஆறு மாதமாகவும், 2016-ல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடமாகவும் ஆனது. ஒவ்வொரு அறிவிப்பு வந்தபோதும் அம்மா செய்தித்தாளை மடித்துவைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பார். அவர் காலத்தில் கிடைக்காததற்கான வருத்தம் அதில் இருந்தது. வருகிற பெண்களுக்குக் கிடைத்ததே என்ற நிறைவும் இருந்தது.

நான் அரசுப் பள்ளிக்காரி இல்லை. காவிரியின் தென்கரையில், குளித்தலையில் எங்கள் வீடு. அப்போது நான் வேலை பார்த்த தனியார் பள்ளி வடகரையில், முசிறிப் பக்கம் இருந்தது. நடுவில் அகண்ட காவிரி, அதன்மேல் நீளமான பாலம். அந்தப் பாலத்தை அதுவரை நான் ஒரு எல்லையாக நினைத்ததே இல்லை. காலையில் பஸ் ஏறினால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போய் இறங்குவேன். 2020-ல்தான் அது இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே இருப்பது உறைத்தது. ஊரடங்கில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது கரூர் மாவட்டம் கோவையோடு ஒரு மண்டலத்திலும், திருச்சி மாவட்டம் தஞ்சாவூரோடு வேறொரு மண்டலத்திலும் போயின. கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குப் போக இ-பாஸ் வேண்டியிருந்தது.

இரண்டாவது குழந்தை உண்டானது அந்த ஊரடங்கின் முதல் வாரங்களில்தான். மகிழ்ச்சிக்கும் முன்னால் பயம் வந்தது. இந்த நோய் கர்ப்பிணிகளை என்ன செய்யும், குழந்தையை என்ன செய்யும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தடுப்பூசி என்ற பேச்சே எட்டாத தூரத்தில் இருந்தது. (தடுப்பூசி வந்த பிறகும் கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று அரசு சொன்னது 2021 ஜூலை 2-ம் தேதிதான்.) சுகாதார நர்ஸம்மா வாசலில் நின்றே பெயர் பதிந்துகொண்டு, இரும்புச்சத்து மாத்திரை அட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். "வெளியில மட்டும் போயிடாத கண்ணு" என்றார்.

ஜூலையில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. முக்காலியில் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் இடைவெளி விட்டு, அதன்மேல் கைபேசியைப் படுக்கவைத்தால் கேமரா நேராகக் கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும். நான் நோட்டில் கணக்குப் போடுவேன், பிள்ளைகள் அங்கே பார்ப்பார்கள். ஒரு மாதம் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. வாழைத்தோப்பு வரப்பில் சிக்னல் கிடைக்கிறது என்று ஒரு பையன் அங்கே போய் உட்கார்ந்துகொள்வான். அண்ணன் தம்பிக்கு ஒரே போன் என்றால் முறை வைத்துக்கொள்வார்கள். கரும்பலகையில் புரியாதது இப்போது புரிகிறது மிஸ் என்று ஒரு பெண் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஆகஸ்ட் 2-ம் தேதி ஆடிப்பெருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு. அந்த மாதம் முழுவதும் ஞாயிறு தோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12-லேயே திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது, எங்கள் ஊர்க் கடம்பன் துறையில் ஆள் இல்லை. என் நினைவுக்குத் தெரிந்து படித்துறையில் ஒரு மஞ்சள் கயிறுகூட இல்லாமல் போன பெருக்கு அது ஒன்றுதான். வீட்டுக் குழாயடியில் செம்பு வைத்துக் கும்பிட்டோம். வயிற்றில் இருப்பது அசையத் தொடங்கியிருந்த நேரம்.

ஆகஸ்ட் 17-லிருந்து ஆதார் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால் எல்லோருக்கும் இ-பாஸ் என்று அறிவித்தார்கள். அந்த 17-ம் தேதி சாயங்காலமே பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. நாளை முதல் எல்லா ஆசிரியர்களும் பள்ளிக்கு வந்துதான் ஆன்லைன் வகுப்பு எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பாடம் கைபேசியில் நடக்கிறது. நான் மட்டும் பாலத்தைத் தாண்டிப் போய் ஆளில்லாத வகுப்பில் நின்றுகொண்டு அதே கைபேசியில் பேச வேண்டும். ஏன் என்று தாளாளரிடம் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். "பின்னாடி கரும்பலகை தெரியணும்மா. வீட்டுச் சுவரு தெரிஞ்சா எந்தப் பெத்தவங்க ஃபீஸ் கட்டுவாங்க?" அந்தச் சமயத்தில் தனியார் பள்ளிகள் முதலில் 40 விழுக்காடு கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைக் கட்டவும் பெற்றோர் கையில் காசில்லை. எங்களுக்குப் பாதிச் சம்பளம். அவருடைய நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நெருக்கடியை ஒரு கர்ப்பிணியின் முதுகில் ஏற்றலாமா என்பதுதான் அன்றும் இன்றும் என் கேள்வி.

போனேன். பாலத்தின் முனையில் கணவர் வண்டியை நிறுத்தி இ-பாஸைக் காட்டுவார். போலீஸ்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்பார். பள்ளிக்கூடத்துக்கு என்றால் திகைப்பார். பள்ளியில் சிக்னல் இரண்டாம் மாடியில்தான் ஒழுங்காகக் கிடைத்தது. மாசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறைகளில் வௌவால் நாற்றமும் பினாயில் நாற்றமும் கலந்து குமட்டும். பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு அதில் கைபேசியைக் கட்டிவைத்து, முகக்கவசத்தோடு பலகைக்கு முன்னால் ஒரு நாளைக்கு நான்கு வகுப்பு நிற்பேன். உட்கார்ந்தால் பலகை எட்டாது. நோட்டு தூக்க வரும் பெண்கள் இல்லை. ஆயாம்மாவை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார்கள். மூத்தவனைச் சுமந்த காலத்தில் பள்ளிக்கூடம் என்று நான் நினைத்திருந்தது கட்டடத்தை அல்ல, அந்தப் பிள்ளைகளைத்தான் என்று அந்த மாடியில் நின்றபோது தெரிந்தது.

எட்டாம் நாள் படியிறங்கும்போது கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு யோசித்து எழுதிய கடிதம் வேறில்லை. கர்ப்பிணிகளும் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வர வேண்டாம் என்று உள்துறை அமைச்சகத்தின் ஊரடங்கு நெறிமுறைகளிலேயே இருக்கிறது என்று எழுதினேன். மத்திய அரசு மே 19-ம் தேதி தன் ஊழியர்களில் கர்ப்பிணிகளைச் சுழற்சிமுறைப் பணியில் சேர்க்கக் கூடாது என்று சொன்னதைக் குறிப்பிட்டேன். 1961-ம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம், கடைசி மாதங்களில் கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்றது. 2017-ல் அதைத் திருத்தி 26 வாரம் விடுப்பு கொடுத்தபோது, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யவும் வழி சொன்னார்கள். பிள்ளை பெற்ற பிறகு அப்படி ஒரு வழி இருக்கும்போது, கொள்ளைநோய்க் காலத்தில் வயிற்றில் சுமக்கும்போது அதையே கேட்பது தவறா என்று எழுதி முடித்தேன். டாக்டரம்மா கொடுத்த சீட்டையும் சேர்த்து வைத்தேன்.

"இதெல்லாம் கவர்மென்ட் ஆளுங்களுக்கும்மா" என்று முதலில் தாளாளர் தள்ளிவைத்தார். டாக்டர் சீட்டைத் திரும்பப் படித்தார். பிறகு அலுவலக அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, சரி, வீட்டிலிருந்தே எடுங்கள் என்றார். இரண்டு நிபந்தனை. சுருட்டி எடுத்துப்போகும் துணிக் கரும்பலகை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள், அதை மாட்டிவைத்து அதன் முன்னால்தான் நடத்த வேண்டும், வீடு என்று தெரியக் கூடாது. இரண்டாவது, இது யாருக்கும் தெரியக் கூடாது. "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

நான் தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் அந்த மாடிப்படிதான் என் கண்ணில் இருந்தது.

எங்கள் பள்ளியில் அறிவியல் எடுத்தவள் ஒருத்தி. என்னைவிட ஆறு வயது சின்னவள், அக்கா அக்கா என்று என் பின்னாலேயே இருப்பாள். தொட்டியத்திலிருந்து வருவாள். கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக அப்போதுதான் நின்றிருந்தது. பஸ் ஓடாத நாள்கள். வண்டியில் அவ்வளவு தூரம் குலுங்கி வந்து அவளும் அந்த மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவளும் போய்க் கேட்டாள். இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, நீங்களும் லெட்டர் கொடுத்தீங்கல்ல? உங்களுக்கும் இல்லைன்னுட்டாங்களா?"

துணிக் கரும்பலகை எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா. டாக்டர் நாலு நாள் ரெஸ்ட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

அந்த வாரக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். சேதி வாட்ஸப் குழுவில் ஒரு வரியாக வந்தது. எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு பத்து வாரம் நான் வீட்டிலிருந்தபடி பள்ளியில் இருப்பதாகப் பாடம் நடத்தினேன். குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்வோம். மூத்தவனைப் பாட்டியோடு கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவேன். எங்கள் வீடு கடம்பர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பக்தர்கள் போக முடியாமல் கோயில் பூட்டியிருந்த நாள்களிலும் உள்ளே பூஜை நிற்கவில்லை, உச்சிக்கால மணி மட்டும் தவறாமல் அடிக்கும். அந்த நேரத்தில் கைபேசியின் ஒலியை அணைத்துவிடப் பழகிக்கொண்டேன். முதல் சில நாள்களில் மறந்திருக்கிறேன்.

வளைகாப்பை ஏழாம் மாதத்தில் போட முடியவில்லை. தள்ளித் தள்ளி ஐப்பசியில், ஒன்பதாம் மாதத்தில் வீட்டோடு போட்டார்கள். மொத்தமே ஏழு பேர். அம்மா வேப்பங்கொழுந்தை வளையமாக முறுக்கி முதலில் அதைக் கையில் மாட்டினார். அப்புறம் கண்ணாடி வளையல். அத்தை ஒருத்தி வீடியோ அழைப்பில் இருந்தபடியே எனக்கு நலங்கு பாடினார். சாப்பாடு நடக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அறிவியல் மிஸ்ஸின் கொழுந்தன். உள்ளே வரவில்லை. ஒரு பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, அண்ணி கொடுத்துவிடச் சொன்னாங்க என்று சொல்லிப் போய்விட்டான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு டஜன் வளையல், பச்சையும் சிவப்புமாக. ஒவ்வொன்றையும் டெட்டால் போட்டுத் துடைத்திருந்தாள். அந்த வாசனையோடுதான் அதைப் போட்டுக்கொண்டேன். யார் கொடுத்தது என்று அம்மா கேட்டார். கூட வேலை பார்த்த பொண்ணு என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விடுப்பை முழுவதும் குழந்தையோடு கழிக்க வேண்டும் என்று அம்மாவைப் போலவே நானும் கடைசி வரைக்கும் வகுப்பு எடுத்தேன். வளையல் போட்ட மறுநாள் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல். பலகையில் கோடு போட்டதும் ஒரு பையன், "மிஸ், என்னமோ கிலுகிலுன்னு சத்தம் கேக்குது" என்றான். இன்னொருத்தி நெட்வொர்க்காக இருக்கும் என்றாள். அப்போது யாரோ ஒரு பெண்ணின் போனிலிருந்து வயதான குரல் ஒன்று வந்தது.

"ஏன் புள்ள, அது வளையலு சத்தம். உங்க டீச்சரம்மாவுக்கு எத்தனை மாசம்?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. "ஒம்போது பாட்டி" என்றேன்.

"ஒம்போது மாசத்துலயா பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்றானுவ? கொரோனாவுல? நின்னுக்கிட்டா நடத்துற தாயி?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பலகையைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தேன். பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. காலண்டரும், மூத்தவன் கிறுக்கிய கிறுக்கலும் தெரிந்தன. "நான் வீட்டுலதான் பாட்டி இருக்கேன். ரெண்டு மாசத்துக்கு மேல வீட்டுல இருந்துதான் நடத்துறேன்" என்றேன். முக்காலியை இழுத்து, கைபேசியைப் படுக்கவைத்து, உட்கார்ந்து நோட்டில் கணக்கைத் தொடர்ந்தேன். ஒரு பெற்றோரும் பள்ளிக்குப் போன் செய்து குறை சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்புக்கு முன்னால் ஒன்றிரண்டு அம்மாக்கள் எட்டிப் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது மிஸ் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. செப்டம்பரிலேயே சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் நடந்திருக்கும் என்பது என்னை விடவே இல்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் மகள் பிறந்தாள். பிரசவ அறைக்குள் போகும் முன் நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னார். கழற்றும்போது பச்சை வளையல் ஒன்று உடைந்தது. மீதியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். அவற்றில் சில இன்றும் என் பீரோவில் இருக்கின்றன. விடுப்பு முடிந்து நான் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து இந்தக் கரையிலேயே வேறு பள்ளியில் சேர்ந்தேன்.

போன வாரம் வளையலோடு வந்த தமிழ் மிஸ்ஸின் வகுப்பு இங்கே முதலில் மாடியில்தான் இருந்தது. நாலாம் மாதத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்தேன். அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், தலைமையாசிரியரிடம் போய்க் கீழே இருக்கும் அறைக்கு மாற்றித் தரச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அடுத்த வாரமே மாற்றினார்கள். அந்த வளையல் சத்தம் என் வகுப்புக்குக் கேட்டது அதனால்தான்.

போன ஆடிப்பெருக்கில் கடம்பன் துறையில் கூட்டம் தாங்கவில்லை. காதோலை கருகமணி, முளைப்பாரி, சித்ரான்னத் தூக்கு என்று படிக்குப் படி பெண்கள். யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "அக்கா" என்றார்கள். திரும்பினால் அறிவியல் மிஸ். பக்கத்தில் பாவாடை கட்டிய பெண் குழந்தை, அவளுடைய சாயலிலேயே. தொட்டியத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாளாம், முப்பது பிள்ளைகள் வருகிறார்களாம். அவள் பேசிக்கொண்டே போனாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், நான் சொல்லிவிட்டேன். அன்று நீ போன் செய்தபோது எனக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தார்கள், நான் உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன்.

"வேலையை விட்ட பெறகும் கிளாஸ் லிங்க் எல்லாம் என் போனுக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பிள்ளைங்களைப் பாக்கணும்போல இருந்துச்சுன்னு ஒரு நாள் உங்க கிளாஸுக்குள்ள வந்தேன். நீங்க பலகையில எழுதிக்கிட்டு இருந்தீங்க. கோயில் மணி கேட்டுச்சு. முசிறியில ஏதுக்கா கடம்பர் கோயில் மணி?"

வளையல் அதற்குப் பிறகுதான் வந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை. அவள் தட்டிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து, கையை நீட்டுங்க என்றாள். நீட்டினேன். மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் மகள் தன் கையையும் நீட்டினாள். அவளுக்கு நான் கட்டினேன்.